டாப் ஸ்லிப்பில் ஒரு கல்லறை: ஹ்யூகோ வுட்

பொள்ளாச்சிப் பக்கம் டூர் போனவங்க எல்லாரும் டாப் ஸ்லிப் பார்த்திருப்பீங்க. யானை, மான், வனத்துறை வேன், நிறைய செல்ஃபி. ஆனா அந்த இடத்துக்கு ஏன் அப்படி ஒரு பேர் வந்ததுன்னு கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க. ஏதோ ஊட்டியில் வியூ பாயிண்ட் இருக்கிற மாதிரி ஒரு பேர்னு நினைச்சுக்குவோம். உண்மையில் அது ஒரு மெஷினோட பாகத்தின் பேர். மலை உச்சியில் இருந்து தேக்குத் தடிகளைச் சமவெளிக்குச் சறுக்கி விட்ட இடம் அது. சறுக்கின் மேல் முனை, அதாவது டாப் ஸ்லிப். அவ்வளவுதான்.

அந்தச் சறுக்குக்கு வேலை இல்லாமல் செய்தவர்னு ஒருத்தரைச் சொல்லணும்னா அது ஹ்யூகோ பிரான்சிஸ் ஆண்ட்ரூ வுட். பேரிலேயே மரம் வெச்சுக்கிட்டு வனத்துறையில் வேலை பார்த்த மனுஷன். 1870ல் பிறந்தார், 1933ல் இறந்தார், அந்த டாப் ஸ்லிப் பக்கத்திலேயே மவுண்ட் ஸ்டூவர்ட்டில் புதைக்கப்பட்டார். வாட்ஸ்அப்பில் அவரைப் பத்தி ஒரு ஃபார்வர்ட் உங்களுக்கும் வந்திருக்கும். பாக்கெட் நிறைய தேக்கு விதையோட நடந்து நடந்து காட்டையே உருவாக்கின வெள்ளைக்காரர்னு. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

நான் ஏன் இவரைத் தேடிப் போனேன்னு கேட்டா, எனக்கு ஊர் செங்கோட்டை. எங்க ஊரைத் தாண்டினா புளியரை, அப்புறம் மலைப்பாதை, ஆரியங்காவு, கேரளா. மரம் ஏத்தின லாரியைப் பார்க்காம எங்க ஊரில் ஒரு நாள் கூடப் போகாது. மர அறுவை மில் சத்தம்தான் எங்களுக்கு அலாரம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எங்க டீம் எடுத்தது டிராக்டரில் மாட்டுற வின்ச். காட்டுச் சரிவில் வெட்டிப் போட்ட தடியை வண்டி நிற்கிற இடத்துக்கு இழுத்துட்டு வர்ற சாதனம். டிராக்டரின் பின்னாடி மூணு கை இணைப்பில் உட்காரும். பிடிஓ ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 540 சுத்து சுத்தும், அதில் இருந்து கியர், கிளட்ச், டிரம், கம்பி வடம். கீழே ஒரு இரும்புத் தட்டு தரையில் ஊன்றிக்கும். இல்லேன்னா தடி டிராக்டர் கிட்ட வர்றதுக்குப் பதிலா டிராக்டர் தடி கிட்டப் போயிடும்.

இந்த மெஷின் வர்றதுக்கு முன்னாடி எப்படி இழுத்தாங்கன்னு பழைய விஷயங்களைப் படிக்க ஆரம்பிச்சப்போ எல்லாப் பாதையும் ஆனைமலைக்குத்தான் போச்சு. ஆனைமலையில் எல்லாப் பாதையும் வுட் கிட்டப் போய் நின்னுச்சு.

முதலில் இழுக்கிற கதை. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 2 மீட்டர் சுற்றளவு, 6 மீட்டர் நீளம் உள்ள ஒரு தேக்குத் தடி. கன அளவு சுமார் 1.9 கன மீட்டர். காய்ந்த தேக்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோன்னு வெச்சுக்கிட்டா, தடி ஒன்றே கால் டன் வருது. பச்சை மரம் இன்னும் கனம். தரையில் உராய்வுக் குணகம் 0.5ன்னு எடுத்தாலே சமதளத்தில் நகர்த்த 600 கிலோவுக்கு மேல் இழுவிசை வேணும். (நடுவில் ஒரு விஷயம். மர டிப்போவில் இதே தடியை அளந்தா 1.5 கன மீட்டர்தான் வரும். சுற்றளவை நாலால் வகுத்து, அதை வர்க்கம் பண்ணி, நீளத்தால் பெருக்குவாங்க. உண்மையான கன அளவில் 78.5 சதவீதம்தான் கணக்கில் ஏறும். மீதி அறுக்கும்போது வீணாகும்னு விட்டுடறது. பையைத் தொடாமலே பை பை நாலு கிடைக்கிற ஃபார்முலா இது.)

இந்த ஒன்றே கால் டன்னைக் காட்டுக்குள் இழுத்தது யானை. மார்பிலும் கழுத்திலும் பட்டை, அதில் சங்கிலி, சங்கிலி தடியின் முனையில். பாறையில் தடி முட்டிக்கிட்டா யானையே நெற்றியாலும் துதிக்கையாலும் தள்ளித் திருப்பிவிடும். எந்த வின்ச்சுக்கும் இல்லாத வசதி அது. நம்ம கம்பி வடம் நேர்க்கோட்டில்தான் இழுக்கும். நடுவில் ஒரு அடிமரம் இருந்தா கப்பி போட்டுத் திசை மாத்தணும். யானைக்கு அது தேவையில்லை, தானா வளைஞ்சு வரும். ஆனா எந்த யானையும் ஒரு நாள் முழுக்க இழுக்காது. வெயில் ஏறினா வேலை நிறுத்தணும், குளிக்க வைக்கணும், மேய விடணும். யானையை வேகப்படுத்த வழி கிடையாது.

மலை விளிம்பு வரைக்கும் யானை. அதுக்கு அப்புறம் சறுக்கு. உராய்வு 0.5ன்னா சரிவு சுமார் 27 டிகிரி தாண்டினா தடி தானாகவே ஓடும். டாப் ஸ்லிப் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 800 மீட்டர் உயரம். கீழே சேத்துமடைச் சமவெளி. பூமி இலவசமா இழுத்துக் கொடுத்தது. எரிபொருள் செலவு பூஜ்யம். சில தடி வழியில் மோதிப் பிளந்திருக்கும், அது சேதாரம். கீழே மாட்டு வண்டி காத்திருக்கும். அங்கிருந்து மேற்குக் கடற்கரைக்கு, அங்கிருந்து கப்பலில் பம்பாய்க்கு.

பம்பாயில் எதுக்குன்னா, அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் கட்டும் தளம் இருந்தது. பிரிட்டனில் ஓக் மரம் தட்டுப்பாடு. தேக்கு கடல் தண்ணீருக்கு அசையாது, ஆணியை அரிக்காது. வாடியா குடும்பத்து பார்சிக் கலைஞர்கள் மலபார்த் தேக்கில் கட்டி 1817ல் தண்ணீரில் இறக்கின டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல் இன்னைக்கும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதக்குது. இருநூறு வருஷம் தாண்டியாச்சு. மேற்குத் தொடர்ச்சி மலை மரத்தின் தரத்துக்கு இதை விட நல்ல டெஸ்ட் ரிப்போர்ட் கிடைக்காது. அந்தத் தரம்தான் அந்த மலைக்கு வினையாகவும் போச்சு.

ஆனைமலைக் காட்டில் மரம் எடுக்கிறதை ஒழுங்குபடுத்த 1848ல் ஜேம்ஸ் மைக்கேல் என்ற ராணுவ லெப்டினன்ட்டைப் போட்டாங்க. 1856ல் ஹ்யூ கிளெக்ஹார்ன் என்ற டாக்டர் மதராஸ் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர் ஆனார். அதே 1856ல்தான் ராயபுரத்தில் இருந்து முதல் ரயில் ஓடிச்சு. கப்பலுக்கு மட்டும் மரம் போனது போய், இப்போ தண்டவாளத்துக்கு அடியில் போடுற ஸ்லீப்பருக்கும் மரம். ஒரு மைலுக்கு ஆயிரத்துக்கு மேல் கட்டை வேணும், அதுவும் சில வருஷத்தில் மக்கிப் போனா திரும்பவும் வேணும். கிளெக்ஹார்ன் மாதிரி ஆட்கள் இப்படியே போனா காடு மிஞ்சாதுன்னு எச்சரிச்சுக்கிட்டே இருந்தாங்க. 1882ல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. காடு அரசாங்கச் சொத்தானது. அங்கேயே தலைமுறை தலைமுறையா இருந்த மக்கள் அனுமதி வாங்கி உள்ளே போக வேண்டியதாச்சு. மரம் மட்டும் வெளியே வந்துக்கிட்டே இருந்தது.

எங்க ஊர்க் கதையும் வேற மாதிரி இல்லை. செங்கோட்டை அப்போ திருவிதாங்கூர் சமஸ்தானம், 1956ல்தான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம். அங்கே தேக்கு ராஜாவின் மரம். உங்க தோட்டத்தில் முளைச்சாலும் அது உங்களுது இல்லை. 1904ல் செங்கோட்டையில் இருந்து புனலூருக்கு மலையைக் குடைஞ்சு ரயில் வந்தது.

ஆனைமலைக்குத் தெற்கே பக்கத்துப் பறம்பிக்குளத்தில் கொச்சி சமஸ்தானம் இன்னும் ஒரு படி மேலே போச்சு. 1907ல் இருந்து சாலக்குடி வரைக்கும் சுமார் 80 கிலோமீட்டர் டிராம்வே. செங்குத்தான இடங்களில் கம்பி வடம். மரம் ஏத்தின வண்டி கீழே இறங்கும்போது அதன் எடையே காலி வண்டியை மேலே இழுக்கும், நடுவில் பிரேக் போட்ட டிரம். ப்ராஜெக்ட்டுக்காக இதைப் படிச்சப்போ எங்க டீமே ஒரு நிமிஷம் வாயைப் பிளந்தோம். மோட்டார் இல்லாத வின்ச். 1963 வரைக்கும் ஓடிச்சு. இன்ஜினியரிங்னு பார்த்தா அப்படி ஒரு அழகு.

இந்த அழகை எல்லாம் பார்த்துட்டு ஒரு கேள்வி கேளுங்க. இழுக்கிற வேகம் கூடிக்கிட்டே போச்சு. முளைக்கிற வேகம்? தேக்கு ஒண்ணு நல்ல தடியாக 60 வருஷம், 80 வருஷம் ஆகும். அதை எந்த கியர் பாக்ஸும் மாத்த முடியாது. யானை மெதுவா இழுத்த காலத்திலேயே மலை காலியாக ஆரம்பிச்சிருந்தது.

இந்த இடத்தில்தான் வுட் உள்ளே வர்றார். 1915 வாக்கில் கோயம்புத்தூர் தெற்கு வனக் கோட்டத்தின் பொறுப்பு அவருக்கு வருது. வயசு நாற்பத்தைந்து. இம்பீரியல் ஃபாரஸ்ட் சர்வீஸ் அதிகாரி. நமக்குப் பெருமையா ஒரு தகவல்: 1885ல் இருந்து 1905 வரைக்கும் இந்திய வனத்துறைக்கு இங்கிலாந்தில் ஆள் தயார் பண்ணினது ஒரு இன்ஜினியரிங் காலேஜ். கூப்பர்ஸ் ஹில்லில் இருந்த ராயல் இண்டியன் இன்ஜினியரிங் காலேஜ். ரோடு போடுறவங்க, தந்தி போடுறவங்க, காடு பார்க்கிறவங்க எல்லாரும் ஒரே கேம்பஸ். காட்டை ஒரு கணக்காகப் பார்க்கிற பழக்கம் அந்தத் தலைமுறை வன அதிகாரிகளுக்கு இருந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

அவர் வந்து பார்த்தப்போ மவுண்ட் ஸ்டூவர்ட், உலாந்தி பள்ளத்தாக்குப் பக்கம் நல்ல தேக்கு எல்லாம் வெட்டித் தீர்த்த நிலை. நேரமும் ரொம்ப மோசம். முதல் உலகப்போர் நடக்குது. மெசபடோமியா போர்முனைக்கு இந்தியக் காடுகளில் இருந்து மரம் போய்க்கிட்டு இருக்கு. எல்லா அதிகாரிகளுக்கும் மேலிடத்தில் இருந்து ஒரே கேள்வி, எவ்வளவு மரம் தருவேன்னுதான். அந்த நேரத்தில் ஒரு கோட்ட அதிகாரி, காட்டுக்கு ஓய்வு கொடுக்கணும், மொட்டையா வெட்டுறதை நிறுத்தணும்னு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுறது சின்ன விஷயம் இல்லை. துப்பாக்கி எடுத்துச் சண்டை போட்டாத்தான் துணிச்சல்னு நினைக்கிறவங்களுக்கு இது போரடிக்கும். எனக்கு அந்தக் காகிதம்தான் அவர் வாழ்க்கையிலேயே பெரிய சம்பவமாத் தெரியுது.

அந்தக் காகிதத்துக்குப் பேர் செயல் திட்டம். வனத்துறையில் இன்னைக்கும் அந்த வழக்கம் உண்டு. 1916ல் தொடங்கின அவர் திட்டத்தின் அடிப்படை ரொம்ப எளிமை. காட்டை ஒரு பேங்க் டெபாசிட்டா நினைச்சுக்கோங்க. வட்டியை மட்டும் எடு, முதலைத் தொடாதே. உதாரணத்துக்கு, மரம் திரும்ப வளர 25 வருஷம் ஆகும்னா காட்டை 25 துண்டாப் பிரி. ஒவ்வொரு துண்டுக்கும் கூப்புன்னு பேர். வருஷத்துக்கு ஒரு கூப்புதான் வெட்டலாம். இருபத்தைந்தாவது கூப்பை முடிச்சுட்டுத் திரும்பினா முதல் கூப்பு தயாரா நிற்கும். கேட்க ஸ்கூல் கணக்கு மாதிரி இருக்கும். ஆனா இதை அமல்படுத்தணும்னா, பக்கத்துக் கூப்பில் நல்ல மரம் நிற்கும்போது, சந்தையில் விலை ஏறி நிற்கும்போது, யானையும் ஆளும் சும்மா இருக்கும்போது, அதைத் தொடாதேன்னு ஒருத்தர் நின்னு சொல்லணும்.

ரெண்டாவது விஷயம் அடிமரம். கரும்புத் தோட்டம் இருக்கிற ஊர்க்காரங்களுக்கு மறுதாம்பு தெரியும். கரும்பை வெட்டினப்புறம் கட்டையை அப்படியே விட்டா அதில் இருந்து திரும்பத் துளிர்க்கும், புதுசா நட வேண்டாம். தேக்கும் அப்படித்தான். தரையை ஒட்டி, தண்ணீர் தேங்காத மாதிரி, பட்டை கிழியாம வெட்டினா அடிக்கட்டையில் இருந்து நாலைஞ்சு கிளை கிளம்பும். அதில் நல்ல ஒண்ணை விட்டுட்டு மீதியைக் கழிச்சு விடணும். மண்ணுக்குள்ள ஏற்கெனவே பெரிய வேர் இருக்கிறதால், விதையில் இருந்து வர்ற கன்றை விட இது முதல் சில வருஷம் ரொம்ப வேகமா ஏறும். மேலே இருக்கிற மரத்தை எடுத்துக்கோ, ஆனா வேரைச் சாக விடாதே. வுட் பிடிச்சுக்கிட்டது இதைத்தான்.

இது நம்ம வின்ச்சுக்கும் நேரா சம்பந்தப்பட்ட விஷயம், கவனிங்க. தடியை இழுக்கும்போது அதன் முன்முனை தரையைக் கீறிக்கிட்டே வரும். வழியில் இருக்கிற கன்று, துளிர்விட்ட அடிக்கட்டை எல்லாத்தையும் சுரண்டிட்டுப் போயிடும். ஒரே பாதையில் பத்துத் தடி இழுத்தா அந்தப் பாதை ஓடை ஆயிடும், மழை வந்தா மண் போயிடும். அதனாலதான் நல்ல வின்ச்சில் இழுக்கிற கப்பி உயரத்தில் இருக்கும், தடியின் முனை கொஞ்சம் தூக்கின மாதிரி வரணும்னு. எங்க டிசைனில் கப்பி உயரத்தைக் கூட்டினா டிராக்டர் பின்னாடி கவிழுற ஆபத்து கூடுது, குறைச்சா தரை கிழியுது. ஒரு செமஸ்டர் முழுக்க இந்த ஒரு பரிமாணத்தோடதான் மல்லுக்கட்டினோம்.

மூணாவது, நடவு. வெறும் தரையாகிப் போன இடத்தில் அடிக்கட்டையும் இல்லை, அங்கே விதைதான். இங்கேதான் அந்தப் பிரபலமான கதை வருது. காலையில் கோட் பாக்கெட் நிறைய தேக்கு விதையைப் போட்டுக்கிட்டுக் கிளம்புவாராம். கையில் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. நடக்கும்போது தடியால் ஒரு குத்து, குழியில் ஒரு விதை, காலால் மண்ணைத் தள்ளி மூடல், அடுத்த அடி. ஆனைமலையில் தலைமுறையா இதைச் சொல்றாங்க. அவர் அப்படி நடந்திருப்பார்னு நம்ப எனக்கும் ஆசைதான். ஆனா நாம இன்ஜினியரிங் பசங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ரெண்டு மீட்டருக்கு ஒரு கன்றுன்னா ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,50,000 குழி. பத்து செகண்டுக்கு ஒரு குழி, எட்டு மணி நேரம் நிற்காமல் போட்டா ஒரு நாளைக்கு 2,880. ஒரே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 87 நாள். அதுவும் எல்லா விதையும் முளைச்சாத்தான். தேக்கு விதையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கீங்களா? மெத்து மாதிரி ஒரு தோல், உள்ளே கல் மாதிரி ஓடு. ஊற வெச்சு, காய வெச்சு, மறுபடி ஊற வெச்சு இப்படிப் பல முறை செஞ்சாத்தான் ஒழுங்கா முளைக்கும். 1840களில் நிலம்பூரில் மலபார் கலெக்டர் கானலி தேக்குத் தோட்டம் போட முயற்சி பண்ணினப்போ முளைக்க வைக்கவே திணறினாங்க. சாத்து மேனன் என்ற உள்ளூர் அதிகாரி விடாமல் செஞ்சு பார்த்துத்தான் அது கைகூடிச்சு. இன்னைக்கு அந்தத் தோட்டத்துக்குக் கானலி பேர்தான்.

அதே மாதிரி ஆனைமலையிலும் குழி வெட்டின கைகள் வேற. காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர்னு அந்த மலையின் மக்கள். எந்தச் சரிவில் ஈரம் நிற்கும், எந்த மாசத்தில் காட்டுத்தீ வரும், யானை எந்த வழியில் இறங்கும் எல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். யானைக்குப் பாகனாகவும் காவடியாகவும் இருந்தவர்கள் பெரும்பாலும் மலசர்கள், இன்னைக்கும் அவங்கதான். வனச் சட்டத்தால் சொந்தக் காட்டிலேயே கூலிக்காரர் ஆனவங்க. வெட்டின காலத்திலும் அவங்க கை, நட்ட காலத்திலும் அவங்க கை. பேர் மட்டும் எதிலும் இல்லை. வுட்டைக் குறைச்சுச் சொல்றதுக்காக இதைச் சொல்லலை. கைத்தடிக் கதை அழகா இருக்கிறதாலேயே, அவர் செஞ்ச கஷ்டமான வேலையும் இவங்க செஞ்ச கஷ்டமான வேலையும் சேர்ந்து மறைஞ்சு போகுது.

அவரைப் பத்தி இன்னொரு விஷயமும் ஃபார்வர்டுகளில் மாறிப் போச்சு. அவர் புலியைக் காப்பாத்த வரலை. சரணாலயம் அமைக்க வரலை. அவர் மரம் உற்பத்தி பண்ற அதிகாரி. அவர் திட்டத்தின் நோக்கம் அரசாங்கத்துக்கு நிரந்தரமாத் தேக்கு கிடைக்கணும் என்பதுதான். தேக்கு மட்டும் வரிசையா நிற்கிற இடத்தை முழுக் காடுன்னு சூழலியல் படிச்சவங்க ஒத்துக்க மாட்டாங்க, அதுவும் நியாயம்தான். மூங்கில், ஈட்டி, மருது, வேங்கை எல்லாம் கலந்து நிற்கிற இடத்தில் இருக்கிற உயிர்கள் ஒரே மரத் தோட்டத்தில் இருக்காது. ஆனாலும் அவர் அடிக்கட்டையை விட்டு வெச்சார், மலையை மொட்டை அடிக்க விடலை. மூடின காட்டுக்குள் மத்ததெல்லாம் மெதுவா வந்து சேர இடம் இருந்தது. அந்த இடைவெளியைக் கொடுத்தவர்னு சொன்னா அவருக்கு நியாயம் செஞ்ச மாதிரி இருக்கும்.

தனி வாழ்க்கை பத்திச் சொல்ல அதிகம் இல்லை. கல்யாணம் பண்ணிக்கலை. மவுண்ட் ஸ்டூவர்ட்டில் ஒரு வீடு, சுத்தி வேலை. ஊர், கிளப், டின்னர்னு ஆங்கிலேய அதிகாரிகள் கோயம்புத்தூரிலும் ஊட்டியிலும் கழிச்ச பொழுதை இவர் மலையில் கழிச்சார். 1920களின் நடுவில் ஓய்வு பெற்று குன்னூரில் தங்கினார். காசநோய் பிடிச்சுக்கிட்டது. பெனிசிலினே வராத காலம், காசநோய்க்கான மருந்து அதுக்கும் அப்புறம்தான் வந்தது. நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு, இதுதான் வைத்தியம். 1933 டிசம்பரில் இறந்தார்.

இங்கிலாந்துக்குக் கொண்டு போகச் சொல்லலை, குன்னூர் சர்ச் கல்லறையிலும் வைக்கச் சொல்லலை. மவுண்ட் ஸ்டூவர்ட்டில் தன் மரங்களுக்கு நடுவே புதைக்கணும்னு உயிலில் எழுதி வெச்சிருந்தார். அப்படியே செஞ்சாங்க. கல்லறையில் லத்தீனில் ஒரு வரி. நினைவுச் சின்னத்தைத் தேடுறவர் சுத்திப் பார்த்தாப் போதும் என்பது மாதிரி ஒரு அர்த்தம். அது அவருக்காகப் புதுசா எழுதினது இல்லை. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டின கிறிஸ்டோபர் ரென் அதே கட்டடத்துக்குள் புதைக்கப்பட்டப்போ அவர் மகன் பொறிச்ச வரி. ரென் கல்லறையில் நின்னு சுத்திப் பார்த்தா கல். இங்கே நின்னு பார்த்தா தேக்கு. கட்டி முடிச்ச தேதின்னு ஒண்ணு கல்லுக்கு உண்டு, தேக்குக்குக் கிடையாது. அதனால இங்கேதான் அந்த வரி பொருத்தமா இருக்குன்னு எனக்குத் தோணுது.

இப்போ ஒரு தேதிக் கணக்கு. 1916ல் நட்ட தேக்கு 60 வருஷத்தில் தடியாகும்னா, வெட்டு 1976ல் தொடங்கணும். அவர் திட்டப்படி அதுதான் லாபம் வர்ற வருஷம். அதே 1976ல் ஆனைமலை வனவிலங்குச் சரணாலயம் ஆச்சு. 1980ல் மத்திய அரசின் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுக்கு அப்புறம் அது புலிகள் காப்பகமாகவும் ஆச்சு. வட்டி எடுக்கிற நேரத்தில் டெபாசிட்டே நிரந்தரமா லாக் ஆன மாதிரி. அறுக்கிறதுக்காக வளர்த்த மரம், அறுக்க வேண்டிய நேரத்தில் அறுக்கக் கூடாத மரம் ஆயிடுச்சு. அவர் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரா, கணக்கு நோட்டைத் தூக்கிப் போட்டிருப்பாரான்னு எங்க ஹாஸ்டலில் ஒரு ராத்திரி முழுக்க வாக்குவாதம் நடந்தது. நான் ரெண்டாவது கட்சி. நல்ல கணக்கப்பிள்ளைக்கு நோட்டை மூடச் சொன்னா கோபம்தான் வரும்.

தடி இழுத்த யானைகளுக்கும் வேலை மாறிப் போச்சு. டாப் ஸ்லிப் பக்கத்தில் கோழிகமுத்தி முகாமில் இருக்கிற யானைகள் இப்போ ரோந்து போகுது, ஊருக்குள் வந்த காட்டு யானையை விரட்டக் கும்கியாப் போகுது. கலீம் என்ற கும்கி 2023ல் அறுபது வயசில் ஓய்வு பெற்றப்போ வனத்துறை ஆட்கள் வரிசையா நின்னு சல்யூட் அடிச்ச வீடியோவைப் பார்த்திருப்பீங்க. அதே மலையில் அதுக்கு முன்னாடி எத்தனையோ யானை சங்கிலி இழுத்தே தேய்ஞ்சு போயிருக்கு.

இழுக்கிற வேலை அங்கே நின்னாலும் எங்கேயோ நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. எங்க ஊர் மில்லுக்கு இப்போ தூத்துக்குடித் துறைமுகம் வழியா வெளிநாட்டு மரமும் வருது. எங்க தெரு மில் அண்ணாச்சி கிட்ட இது எந்தக் காட்டு மரம்னு கேட்டா நாட்டோட பேர் சொல்லுவார், கன அடி விலை சொல்லுவார். அங்கே அடிக்கட்டையை விட்டு வெச்சாங்களான்னு எந்த பில்லிலும் எழுதியிருக்காது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் எங்க வின்ச் மணிக்கு எத்தனை தடி இழுக்கும்னு ஒரு அட்டவணை போட்டிருக்கோம். அதுக்குக் கீழே, ஒரு ஹெக்டேருக்கு எத்தனை பாதையில்தான் இழுக்கலாம், துளிர்க் கட்டையில் இருந்து எவ்வளவு தூரம் தள்ளி இழுக்கணும்னு இன்னொரு அட்டவணை சேர்த்தோம். வைவாவில் இது மெக்கானிக்கல் ப்ராஜெக்ட்டுக்கு எதுக்குன்னு கேள்வி வரும்னு தெரியும். பதிலை நான் சொல்றேன்னு டீமில் ஒத்துக்கிட்டிருக்கேன்.

போகணும்னு தோணினா பொள்ளாச்சியில் இருந்து சேத்துமடை வழி. கல்லறைக்கு வனத்துறை அனுமதியோடுதான் போகணும், தனியா நடக்க விட மாட்டாங்க, கேட்டுக்கோங்க. பிப்ரவரி, மார்ச்சில் போனா தேக்கு இலை எல்லாம் உதிர்ந்து மொட்டையா நிற்கும். மழை தொடங்கினப்புறம் போங்க. புதுத் தளிர் விட்டிருக்கும். கீழே விழுந்து கிடக்கிற இளம் இலை ஒண்ணு எடுத்து உள்ளங்கையில் வெச்சுக் கசக்கிப் பாருங்க. மருதாணி வெச்ச மாதிரி கை சிவக்கும்.